ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’: பேண்ட் இல்லாமல் பாடிய பத்துப் பாட்டு

பழைய சைக்கிள்:

ரொம்ப நாளாக எழுத நினைத்து தள்ளிக்கொண்டே போனது. அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது ஸ்டேடியம், கிழியக் கிழியப் பாடும் தொண்டை, சாக்ஸபோன், விடிய விடியக் கச்சேரி. எனக்கும் அப்படித்தான். 1984-ல் வந்த ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ வழியாகத்தான் அவரிடம் போனேன். அதற்கு இரண்டு வருடம் முன்னால் வந்த ‘நெப்ராஸ்கா’ ஆல்பம் என் கையில் கிடைத்தது ரொம்பப் பிந்தி. ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபடி கேட்டேன். பத்துப் பாட்டும் முடிந்த பிறகு எழுந்து விளக்கைப் போட மனசு வரவில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1980-ல் ‘தி ரிவர்’ இரட்டை ஆல்பம். அதிலிருந்த ‘ஹங்கிரி ஹார்ட்’ அமெரிக்கப் பட்டியலில் ஐந்தாவது இடம் வரை போனது. 1981 செப்டம்பர் வரை ஊர் ஊராகச் சுற்றுப்பயணம். அது முடிந்ததும் நியூ ஜெர்சியில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்குத் தனியாகத் திரும்புகிறார். ஸ்டுடியோவுக்குள் உட்கார்ந்து பாட்டு எழுதி எழுதி ஏகப்பட்ட காசும் காலமும் போய்விட்டது. இந்த முறை வீட்டிலேயே பாடிப் பதிந்து, பேண்டிடம் கொடுத்துக் கற்றுக்கொள்ளச் சொல்லலாம் என்று திட்டம். தன் கிட்டார் டெக்னீஷியனிடம் ஒரு சின்ன மெஷின் வாங்கி வரச் சொல்கிறார். படுக்கையறையில் ஆரஞ்சு நிறக் கம்பளத்தின் மேல் உட்கார்ந்து, 1982 பிறந்த கையோடு, இந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றைப் பாடி முடித்துவிட்டார்.

அது ஒத்திகைக்கான கேசட், அவ்வளவுதான். உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சில வாரம் அலைந்திருக்கிறார். பிறகு நியூயார்க்கில் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில் பேண்டோடு சேர்ந்து அதே பாட்டுகளை வாசித்துப் பார்த்தார்கள். வாசிப்பில் குறையில்லை, ஆனால் பாட்டுக்குள் இருந்த ஆள் காணாமல் போய்விட்டான். கடைசியில் பாக்கெட்டில் கிடந்த அந்தக் கேசட்டையே ஆல்பமாக்கிவிட்டார்கள். 1982 செப்டம்பர் 30-ம் தேதி வெளியீடு. சுற்றுப்பயணமும் இல்லை, பேட்டியும் இல்லை. அதிலிருந்த ‘அட்லாண்டிக் சிட்டி’ பாட்டுக்கு ஒரு வீடியோ வந்தது, அதிலும் அவர் முகம் கிடையாது. அப்படியும் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம்.

ரூட்ஸ் ராக் என்று எத்தனையோ கேட்டிருக்கிறோம். வேரைத் தேடிப் போகிறேன் என்று கிளம்பியவர்களில் நிறையப் பேர் மேலே இருக்கும் வண்ணத்தைத்தான் மாற்றினார்கள். இந்த ஆல்பத்தில் வண்ணமே கிடையாது. ஒரு கிட்டார், ஒரு மவுத் ஆர்கன், அங்கங்கே மேண்டலின், கொஞ்சம் டம்பரின். யாராவது கேட்கப் போகிறார்கள் என்று தெரியாமல் பாடும் குரல். எனக்கு உயிரே அந்தக் குரல்தான்.

கேட்டவர்கள் எழுதுங்கள். கேட்காதவர்கள் ஒரு ராத்திரி 41 நிமிடம் ஒதுக்குங்கள்.

நாடா மனிதன்:

அண்ணே, அந்த மெஷினைப் பத்தி நான் சொல்லியே ஆகணும். பதினெட்டு வருஷமா ஒலிப்பதிவுதான் நம்ம தொழில்.

அது டியாக் 144 போர்ட்டாஸ்டுடியோ. 1979-ல வந்தது. நம்ம வீட்டுல இருந்த சாதாரண கேசட்டுலயே நாலு டிராக் பதியும். எப்படின்னா, சாதாரண கேசட்ல ஏ பக்கம் ரெண்டு, பி பக்கம் ரெண்டுன்னு மொத்தம் நாலு டிராக் இருக்கு, இல்லையா? இந்த மெஷின் நாலையும் ஒரே திசையில ஓட்டும். கேசட்டைத் திருப்பிப் போட முடியாது. டேப்பும் ரெண்டு மடங்கு வேகத்துல ஓடும். வேகம் கூடினா ஒலி கொஞ்சம் தெளிவா பதியும், அதுக்குத்தான்.

மைக் ரெண்டே ரெண்டு, ஷூர் எஸ்எம்57. இன்னைக்கும் எந்த ஸ்டுடியோவுக்குப் போனாலும் டிரம்முக்கும் கிட்டார் ஆம்புக்கும் முன்னாடி நிக்கிற அதே மைக். கிட்டாருக்கு ஒண்ணு, குரலுக்கு ஒண்ணுன்னு வெச்சுப் பாடினா ரெண்டு டிராக் போயிடும். மிச்சம் இருக்கிறது ரெண்டு. அதுலதான் இன்னொரு குரல், மவுத் ஆர்கன், டம்பரின் எல்லாம். அதுக்கு மேல எதாவது சேர்க்கணும்னா இடமே இல்லை. இந்த ஆல்பம் இவ்வளவு ஒல்லியா இருக்கிறதுக்குப் பாதிக் காரணம் மனசு, பாதிக் காரணம் இந்த மெஷின்னு நான் நினைக்கிறேன்.

அப்புறம் அந்த எதிரொலி. குரலுக்குப் பின்னாடியே அதே குரல் லேசா ஒட்டிக்கிட்டு வருதே, அது எக்கோபிளக்ஸ்ங்கிற டேப் எக்கோ. 1950-கள்ல ராக்கும் கண்ட்ரியும் கலந்த ராக்கபில்லி ரெக்கார்டுகள்ல கேட்ட அதே சங்கதி. ஆனா அங்க அது துள்ளலுக்கு வந்தது. இங்க காலி வீட்டுல ஒருத்தன் பேசுற மாதிரி ஆயிடுச்சு.

மிக்ஸ் பண்ணிப் பதிஞ்சது ஒரு பழைய பானசோனிக் டேப் ரெக்கார்டர்ல. அது ஒருதரம் படகுல போனப்போ ஆத்துத் தண்ணியில நனைஞ்சு செத்துப்போய், அப்புறம் தானா உயிர் வந்த செட்டு. ஆல்பத்தோட மூலப்பிரதியே அதுலதான் உருவாச்சு! இதையே ரெக்கார்டா போடலாம்னு முடிவானதும் இன்ஜினியர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. ஒலி அளவு குறைவு, வேகம் சரியா இல்லை, இரைச்சல் வேற. இசைத்தட்டுல வெட்டப் பார்த்தா ஊசி நிக்கல. பேசாம கேசட்டா மட்டும் விட்டுடலாம்னுகூடப் பேசியிருக்காங்க. கடைசியில ஒலியைத் தாழ்த்தி வெட்டித்தான் காரியம் நடந்தது.

உங்ககிட்ட கிட்டார் இருந்தா சேர்ந்து வாசிச்சுப் பாருங்க. சில பாட்டு எந்தச் சுருதியிலயும் சரியா உக்காராது, ரெண்டு சுருதிக்கு நடுவுல தொங்கும். மெஷின் ஓடின வேகம் அப்படி. இன்னைக்கு நாங்களா இருந்தா ரெண்டே நிமிஷத்துல நேராக்கிடுவோம். நேராக்கியிருந்தா கெட்டுப்போயிருக்கும்.

டர்ன்பைக் தமிழன்:

வணக்கம் நண்பர்களே. நான் நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். கோல்ட்ஸ் நெக் இங்கிருந்து காரில் கூப்பிடு தூரம்தான். இன்றைக்குப் போனால் குதிரைப் பண்ணை, பெரிய பெரிய வீடு, ஆப்பிள் தோட்டம். 1982-ன் அந்தத் தனிமை அங்கே கிடைக்காது.

எனக்கு இந்த ஆல்பம் புரிந்தது நியூ ஜெர்சி டர்ன்பைக் என்ற சுங்க நெடுஞ்சாலையில்தான். ராத்திரி ஷிப்ட் முடித்து நியூவார்க் பக்கமிருந்து தெற்கே வருவேன். எலிசபெத் தாண்டி லிண்டன் பக்கம் வந்ததும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. குழாய், கோபுரம், ஆயிரம் விளக்கு, நுனியில் எரியும் தீ. கண்ணாடியை ஏற்றி விட்டாலும் அந்த வாடை உள்ளே வந்துவிடும். ஒரு மழை நாளில் அங்கே வந்துகொண்டிருக்கும்போது ‘ஸ்டேட் ட்ரூப்பர்’ ஒலித்தது. பாட்டு நடப்பதே அந்த இடத்தில்தான்! ஈரமான ராத்திரி, ஆலை வெளிச்சம், டர்ன்பைக். ஓட்டுகிறவனிடம் லைசென்ஸ் இல்லை, வண்டிக்குப் பேப்பர் இல்லை. அவன் என்ன செய்துவிட்டு வருகிறான் என்று பாட்டு சொல்வதே இல்லை. நிறுத்திவிடாதே என்று போலீஸ்காரனிடம் மனசுக்குள் மன்றாடுகிறான். கிட்டாரில் ஒரே தட்டுத்தான், டயர் சாலை இணைப்புகளில் ஏறி இறங்கும் சத்தம் மாதிரி. கடைசியில் திடீரென்று ஓர் அலறல். எனக்கு ஸ்டீயரிங்கில் கை இறுகிவிட்டது.

அந்த அலறல் எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். சூசைட் என்று நியூயார்க்கில் இரண்டே பேர் கொண்ட ஒரு குழு, ஒரு கீபோர்டு, ஒரு குரல். 1977-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ‘ஃபிராங்கி டியர்டிராப்’ என்று பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு, குடும்பத்தையே கொன்றுவிட்டுச் சாகும் ஓர் ஆலைத் தொழிலாளியைப் பற்றியது. ஸ்பிரிங்ஸ்டீனுக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆக, வேர் என்றால் அந்தக் கால நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரியும் கண்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸும் மட்டும் இல்லை. பக்கத்து ஊர் பங்க் குழுவும் வேர்தான்.

கொங்குக் காற்று:

மன்னிக்கணும், எனக்கு இந்த ஆல்பம் பிடிபடவே இல்லை. மூணு தடவை முயற்சி பண்ணினேன். எல்லாப் பாட்டும் ஒரே நிறம், ஒரே வேகம். மெட்டுன்னு நாம சொல்றது எங்கே? மேக்ஸ் வைன்பர்க் டிரம் இல்லாம, கிளாரன்ஸ் கிளெமன்ஸ் சாக்ஸ் இல்லாம ஸ்பிரிங்ஸ்டீனை எதுக்குக் கேட்கணும்? ஆத்துல நனைஞ்ச டேப், பாக்கெட்டுல கிடந்த கேசட்னு கதை நல்லாத்தான் இருக்கு. கதைக்காக ஆல்பத்தைக் கொண்டாடுறோமோன்னு எனக்கு நிஜமாவே சந்தேகம். சண்டைக்கு வரல, பிடிக்கிறவங்க காது எதைக் கேட்குதுன்னு தெரிஞ்சுக்க ஆசை.

பழைய சைக்கிள்:

நியாயமான கேள்வி. ஒரே நிறம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அட்டைப் படமும் அப்படித்தானே: ஓடும் காரின் முன்கண்ணாடி வழியே பனிக்காலச் சாலை, கறுப்பு வெள்ளை, மேலே மூட்டமான வானம். பெயர் மட்டும் சிவப்பில். படம் டேவிட் மைக்கேல் கென்னடி 1970-களின் நடுவில் எடுத்தது.

ஆனால் மெட்டைத் தேடாமல் ஆட்களைத் தேடிப் பாருங்கள். ‘யூஸ்டு கார்ஸ்’ பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் பழைய கார் வாங்கப் போகிறது. தங்கச்சி முன் சீட்டில் ஐஸ்கிரீமோடு. அப்பா சோதனை ஓட்டம் ஓட்டுகிறார். அம்மா பின் சீட்டில் தனியாக உட்கார்ந்து கல்யாண மோதிரத்தை விரலால் உருட்டியபடி, விற்பனைக்காரன் எதைப் பார்க்கிறான் என்று பார்க்கிறாள். அவன் பார்ப்பது அப்பாவின் கைகளை. ராப்பகலாக உழைக்கிறவரின் கைகள்.

அவ்வளவுதான் காட்சி. அந்தக் கைகள் எப்படி இருந்தன என்று பாட்டு சொல்லவில்லை. அவமானம் என்ற சொல்லும் இல்லை. பையன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். லாட்டரி விழுந்தால் இனிமேல் பழைய காரில் ஏறவே மாட்டேன் என்று மனசுக்குள் சபதம் போடுகிறான். லாட்டரி விழுந்தால்தான்! உழைத்து முன்னேறி வாங்குவேன் என்று அந்தப் பையனுக்குச் சொல்ல வரவில்லை, அப்பா உழைப்பதைத்தான் அவன் தினமும் பார்க்கிறானே.

இதற்கு டிரம் போட்டால் அந்த மோதிரம் உருளுவது காதில் விழாது. எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

மழைக்காகிதம்:

‘யூஸ்டு கார்ஸ்’ பத்தி நீங்க எழுதினதைப் படிச்சிட்டு மறுபடி கேட்டேன் அண்ணா. நன்றி. ஆனா முதல் பாட்டு பத்தி எனக்கு ஒரு நெருடல் இருக்கு, அதை இங்கதான் பேச முடியும்.

‘நெப்ராஸ்கா’ பாட்டு உண்மைச் சம்பவம். 1958 ஜனவரியில சார்லஸ் ஸ்டார்க்வெதர்னு 19 வயசுப் பையன் நெப்ராஸ்காவிலயும் பக்கத்து வயோமிங்கிலயும் பத்துப் பேரைக் கொன்னான். அதுக்கு முந்தின மாசமே ஒருத்தரைக் கொன்னிருந்தான். கூட இருந்தது கேரில் ஆன் ஃபியூகேட். அவளுக்கு வயசு 14. செத்தவங்கள்ல அவளோட அம்மா, மாற்றாந்தந்தை, ரெண்டு வயசுத் தங்கச்சி மூணு பேரும் உண்டு. அவனுக்கு 1959-ல மின்சார நாற்காலி. அவளுக்கு ஆயுள் தண்டனை, 1976-ல பரோல்ல வந்தாங்க. மிரட்டிப் பிடிச்சு வெச்சிருந்தான், எனக்குச் சம்மதம் இல்லைன்னுதான் அவங்க தொடர்ந்து சொன்னாங்க.

பாட்டுல அவ புல்தரையில தடியைச் சுழட்டிக்கிட்டு நிக்கிற அழகான பொண்ணு. இதே சம்பவத்தை வெச்சு 1973-ல வந்த ‘பேட்லாண்ட்ஸ்’ படத்தோட சாயல் அது, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு இந்த விஷயத்துல பிடிப்பே வந்தது. பாட்டு முழுக்க அவன் வாய்மொழி. சாகும்போது அவ தன் மடியில இருக்கணும்னு கேட்கிறான். அவ என்ன நினைச்சா? ஒரு வரி கிடையாது. பாட்டு எனக்குப் பிடிக்கும். குளிர்ல உறைஞ்ச மாதிரி ஒரு குரல். ஆனா ஒவ்வொரு தடவையும் அந்த 14 வயசுப் பொண்ணு நினைவுக்கு வந்துடறா.

பழைய சைக்கிள்:

தங்கை, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கொலைகாரனின் வாயிலிருந்து பாட வேண்டும் என்று அவர் முடிவெடுத்துவிட்டார். முடிவெடுத்த பிறகு அவன் பார்வைக்கு வெளியே ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. பாட்டின் பயங்கரமே அதுதான்: வருத்தம் இல்லை, கோபம் இல்லை, ஏன் செய்தாய் என்று கேட்டால் உலகத்தில் கெட்ட குணம் என்று ஒன்று இருக்கிறது என்கிறான். அவளையும் அவன் கண்ணால்தான் பார்க்கிறோம், ஒரு பொருளைப் போல. அதனால் அவளுக்கு இழைக்கப்பட்டது குறைந்துவிடாது. நீங்கள் சொன்ன பிறகு என்னாலும் இனி அவளை நினைக்காமல் கேட்க முடியாது. கேட்கக் கூடாது என்றும் தோன்றுகிறது.

நாடா மனிதன்:

மழைக்காகிதம் அக்கா, நல்லா சொன்னீங்க. ஒண்ணு கவனிச்சீங்களா, அந்தப் பாட்டுல அவன் யார்கிட்டயோ ‘சார்’னு சொல்லிப் பேசுறான். யார் அந்த சார்? போலீஸா, ஜட்ஜா, நிருபரா?

மழைக்காகிதம்:

கவனிக்கவே இல்லை! இப்போ மத்த பாட்டையும் கேட்டுட்டு வர்றேன்.

மழைக்காகிதம்:

வந்துட்டேன். பாட்டு வரிகளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு வரிசையா கேட்டேன். கை நடுங்குது, நிஜமா.

முதல் பாட்டுல ‘சார்’ நாலு தடவை. ‘மேன்ஷன் ஆன் தி ஹில்’, மலை மேல பணக்கார வீட்டை அப்பாவோட ராத்திரி கார்ல போய் எட்ட நின்னு பார்க்கிற பையன், அவனும் யார்கிட்டயோ ‘சார்’னுதான் ஆரம்பிக்கிறான். ‘ஜானி 99’ல ஜட்ஜ் முன்னாடி நின்னு பேசுறான். ‘ஸ்டேட் ட்ரூப்பர்’ல போலீஸ்காரர் ‘மிஸ்டர்’. ‘யூஸ்டு கார்ஸ்’ல சபதம் போடறப்பவும் யாரோ ஒரு ‘மிஸ்டர்’கிட்டதான் சொல்றான். ‘ஓபன் ஆல் நைட்’ல ரேடியோ டிஜேவைக்கூட ‘மிஸ்டர்’ போட்டுத்தான் கூப்பிட்டு வேண்டுறான். ‘மை ஃபாதர்ஸ் ஹவுஸ்’ல கனவு கண்டு முழிச்சவன் அப்பாவைப் பத்தி நினைக்கும்போது நடுவுல ஒரு ‘சார்’. கடைசிப் பாட்டு ‘ரீசன் டு பிலீவ்’லயும் இருக்கு.

‘அட்லாண்டிக் சிட்டி’யில இல்லை. அங்க அவன் பேசுறது காதலிகிட்ட.

பழைய சைக்கிள்:

இருபது வருடமாகக் கேட்கிறேன், இதை இப்படி வரிசையாகப் பார்த்ததில்லை. நன்றி என்று சொன்னால் போதாது.

அந்தச் சொல் நம் காதுக்கு எப்படி விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ‘சார்’ நமக்கு இங்கிலீஷ் சொல்லே இல்லை. ஒரு அலுவலகத்தில் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று அப்பா ‘சார்’ என்று கூப்பிட்டதையும், உள்ளே இருந்தவர் நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்ததையும், அப்பா இன்னும் கொஞ்சம் தணிந்த குரலில் மறுபடி ‘சார்’ என்றதையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. இந்த ஆல்பத்தில் இருக்கும் குரல் அந்த இரண்டாவது ‘சார்’.

1982 கடைசியில் அமெரிக்காவில் வேலையில்லாதவர்கள் 10.8 சதவீதம். ‘ஜானி 99’ தொடங்குவது நியூ ஜெர்சி மாவாவில் கார் ஆலையை மூடியதிலிருந்து. அது கற்பனை இல்லை, ஃபோர்டு அந்த ஆலையை 1980-ல் மூடியது. வேலை போனவன் வேறு வேலை தேடி அலைகிறான், குடிக்கிறான், ராத்திரிக் கடைக் குமாஸ்தாவைச் சுட்டுவிடுகிறான். 98 வருடமும் இன்னொரு வருடமும் சேர்த்து 99 வருடச் சிறை. கடனுக்காக வங்கி வீட்டைப் பிடுங்கப் பார்க்கிறது என்று ஜட்ஜிடம் சொல்கிறான். அதனால் நான் செய்தது சரி என்று அவன் சொல்லவில்லை. தன்னைக் கொன்றுவிடும்படி அவனே கேட்கிறான். ஜானி கேஷ் மறு வருடமே இந்தப் பாட்டைத் தன் ஆல்பத்தின் தலைப்பாக்கினார், ‘ஹைவே பட்ரோல்மேன்’ பாட்டையும் அதில் பாடினார்.

டர்ன்பைக் தமிழன்:

‘ஹைவே பட்ரோல்மேன்’ பற்றி ஒரு வார்த்தை. அதில் பேசுகிறவனே போலீஸ்காரன். மற்றவர்கள் ‘சார்’ என்று கூப்பிடும் இடத்தில் இருக்கிறவன். தம்பி ஃபிராங்கி ஒருவனை அடித்துப் போட்டுவிட்டு காரில் ஓடுகிறான். அண்ணன் துரத்துகிறான். கனடா எல்லை ஐந்து மைல் என்ற பலகை வரும் இடத்தில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, தம்பியின் காரின் சிவப்பு விளக்கு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு ஊரில் ஒரு தம்பி இருக்கிறான். இந்தப் பாட்டை நான் அடிக்கடி கேட்பதில்லை. நடிகர் ஷான் பென் இதை வைத்துத்தான் 1991-ல் தன் முதல் படத்தை இயக்கினார்.

கொங்குக் காற்று:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி மறுபடி கேட்டேன். இந்த முறை ஹெட்போன்ல, பாட்டு வரிகளையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு. ‘யூஸ்டு கார்ஸ்’ல அந்த மோதிரம் வர்ற இடத்துல நிறுத்திட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் திரும்பப் போட்டேன்.

ஆனா என் கேள்வியை முழுசா விடல. 2025 அக்டோபர்ல வந்த ‘நெப்ராஸ்கா 82’ தொகுப்புல அந்த பேண்ட் பதிவுகள் இருக்கே, ‘எலெக்ட்ரிக் நெப்ராஸ்கா’ன்னு இத்தனை வருஷம் ரசிகர்கள் பேசிக்கிட்டே இருந்தது. அதையும் கேட்டேன். ‘ஜானி 99’ அங்க துள்ளுது, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ‘அட்லாண்டிக் சிட்டி’யும் நல்லா உறுமுது. அந்த பேண்ட் பதிவுகள் தப்புன்னு என்னால சொல்ல முடியல.

நாடா மனிதன்:

தப்புன்னு யாரும் சொல்லலைங்க. நானும் அதை வாங்கிட்டேன், மூணு நாளா அதுதான் ஓடுது. ஒண்ணு மட்டும் சொல்றேன். பேண்டோட பாடும்போது அந்த ஆள் தனியா இல்லை. பின்னாடி நண்பர்கள் நிக்கிறாங்க. டிரம் ஒவ்வொரு அடியிலயும் ‘நாங்க இருக்கோம்டா’ன்னு சொல்லுது. அதைக் கேட்க நமக்கு நல்லா இருக்கு. ஆனா ஜானிக்கு யாரும் இல்லைங்கிறதுதானே அந்தப் பாட்டு?

இன்னொண்ணு. அதே பவர் ஸ்டேஷன் நாட்கள்லதான் ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ பாட்டும் பேண்டோட பதிவாச்சு. அதுவும் முதல்ல கோல்ட்ஸ் நெக் வீட்டுல கிட்டாரோட தனியா பாடினதுதான். பேண்ட் கைக்குப் போனதும் அது வேற உயரத்துக்குப் போயிடுச்சு. அதனால எந்தப் பாட்டுக்கு ஆள் வேணும், எந்தப் பாட்டுக்கு வேண்டாம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்தக் காது பெரிய விஷயம். கையில ஹிட் இருக்கும்போது அதை ஓரமா வெச்சுட்டு கேசட்டை வெளிய விட்டாங்க பாருங்க.

கொங்குக் காற்று:

இது எனக்குப் புரியுது. ஒத்துக்கறேன்.

‘ரீசன் டு பிலீவ்’ மட்டும் சொல்லுங்க. அது நம்பிக்கைப் பாட்டா இல்லையா? செத்த நாயைக் குச்சியால குத்திக்கிட்டு, எழுந்து ஓடும்னு காத்திருக்கிற ஆள். விட்டுட்டுப் போன ஆளுக்காகவும் கல்யாணத்துக்கு வராத பொண்ணுக்காகவும் காத்திருக்கிறவங்க. இவ்வளவு நடந்தும் ஜனங்க நம்ப ஒரு காரணம் கண்டுபிடிக்கிறாங்கன்னு முடியுது. எனக்கு ஆறுதலா இருந்தது. தப்பா கேட்டுட்டேனா?

பழைய சைக்கிள்:

நிறையப் பேர் அப்படித்தான் கேட்கிறார்கள். எனக்கு அது ஆல்பத்திலேயே இருண்ட பாட்டு. பாடுகிறவன் அந்த நம்பிக்கையில் பங்கெடுக்கவில்லை. ரோட்டோரம் நின்று பார்த்து வியக்கிறான், அவ்வளவுதான். நாய் எழுந்திருக்கப் போவதில்லை. ஆனால் ஆறுதலாக இருந்தது என்று நீங்கள் சொல்லும்போது அதை உங்களிடமிருந்து பிடுங்க எனக்கு விருப்பமில்லை. மெட்டும் லேசாக ஆடிக்கொண்டுதானே போகிறது.

எனக்கு ஆல்பம் முடிவது அதற்கு முந்தின பாட்டில், ‘மை ஃபாதர்ஸ் ஹவுஸ்’. ஸ்பிரிங்ஸ்டீன் சின்ன வயதில் குடியிருந்த ஃப்ரீஹோல்ட் ஊர் வீடுகளைச் சுற்றி ராத்திரி ராத்திரியாகக் காரில் போய்வருவாராம். ஏன் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. 1990-ல் லாஸ் ஏஞ்சலஸ் மேடையில் அவரே சொன்னது இது. மனநல மருத்துவரிடம் கேட்டபோது, அங்கே ஏதோ தப்பு நடந்துவிட்டது, அதைச் சரிசெய்ய முடியுமா என்று பார்க்கத்தான் திரும்பத் திரும்பப் போகிறீர்கள், ஆனால் அது முடியாது என்றாராம். அப்பாவுக்கும் மகனுக்கும் இடையே இருந்த மௌனம் பற்றி அவர் எவ்வளவோ பாடியிருக்கிறார். இந்தப் பாட்டில் இருக்கும் அமைதியோடு வேறெங்கும் பாடவில்லை.

மழைக்காகிதம்:

அண்ணா, ‘சார்’ எண்ணினப்போ இன்னொரு சொல்லையும் குறிச்சு வெச்சேன். சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன். ‘மை ஃபாதர்ஸ் ஹவுஸ்’ பேச்சு வந்ததால சொல்றேன்.

ஆல்பம் முழுக்க எல்லாரையும் ‘சார்’னு கூப்பிடுறாங்க இல்லையா, இவங்களை யாராவது திருப்பி அன்பா கூப்பிடுறாங்களான்னு தேடினேன். ‘சன்’, மகனேன்னு ரெண்டே இடத்துல வருது. ஒண்ணு, ‘ஜானி 99’ல ஜட்ஜ் தண்டனையைப் படிக்கும்போது. இன்னொண்ணு ‘மை ஃபாதர்ஸ் ஹவுஸ்’ல. கனவு கண்டு எழுந்து அப்பா வீட்டைத் தேடிப் போறான், படி ஏறி நிக்கிறான், முன்னப் பின்னத் தெரியாத ஒரு அம்மா சங்கிலி மாட்டின கதவை லேசா திறந்து, மன்னிச்சுக்கோ மகனே, அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லைன்னு சொல்றாங்க.

பழைய சைக்கிள்:

இன்று இரவு மறுபடி கேட்கிறேன்.

டர்ன்பைக் தமிழன்:

நானும். ஷிப்ட் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. வெளியே மழை.